ரிப்போர்ட்டுல ஒண்ணும் இல்ல

மணவாள நகரில் கிறிஸ்டினா வீட்டுச் சொம்பில் முகம் பார்த்துத் தலை வாரிக்கொள்ளலாம் என்று அந்தத் தெருப் பெண்கள் கேலி பேசுவார்கள். கேலிதான், ஆனால் பொய்யில்லை. அப்படியொரு சுத்தக்காரி. குழாயில் தண்ணீர் வந்தால் முதலில் குடத்தைத் தேய்ப்பாள், அப்புறம் அந்தக் குழாயையே தேய்ப்பாள். அடுத்தவர் சீப்பைத் தொடமாட்டாள். பஸ் கம்பியைப் பிடித்த கையால் பெற்ற மகளைக்கூடத் தொடமாட்டாள். ரோட்டில் எவனாவது காறித் துப்பினால் போதும், இவளுக்குக் குடலைப் புரட்டும். "சீ, இதெல்லாம் ஒரு ஜென்மமா!" என்று அவன் காதில் விழுகிற மாதிரியே சொல்லிவிட்டுப் போவாள்.

திமிர் பிடித்தவள் என்று சொன்னவர்கள் உண்டு. சொல்லிவிட்டுப் போகட்டும். அந்தச் சுத்தம் எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் அப்படிப் பேசமாட்டார்கள். அவள் அப்பா மோசஸ், திருவள்ளூருக்கு மேற்கே ஒரு கிராமத்தில் ஊரார் நிலத்தில் நாற்றுச் சுமந்தவர். டீக்கடையில் அவருக்கென்று தனி டம்ளர். குடித்ததும் அவரே கழுவிக் கவிழ்க்க வேண்டும். அந்தக் கர்மமே வேண்டாம் என்று காக்களூரில் ஒரு லேத் பட்டறையில் சேர்ந்து, குடும்பத்தை மணவாள நகருக்குக் கொண்டுவந்தார். இங்கே வந்து மட்டும் விட்டதா? நாலாம் வகுப்பில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் மூக்கைப் பொத்திக்கொண்டு, "மிஸ், இவ மேல காலனி நாத்தம் அடிக்குது" என்றாள். மிஸ் அவளை அதட்டவில்லை. கிறிஸ்டினாவைக் கடைசி பெஞ்சுக்கு மாற்றினாள். அன்று சாயங்காலம் அம்மா சோப்புப் போட்டுத் தேய்த்த தேய்ப்பில் இவள் முதுகு செக்கச் செவேலென்று ஆனது. "நம்மளப் பாத்து இனிமே எவளும் மூக்கப் பொத்தக் கூடாது" என்று அழுதுகொண்டே தேய்த்தாள் அம்மா. அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டே இவள் வளர்ந்தாள், பவுடரும் இஸ்திரி போட்ட துணியுமாக.

ப்ளஸ் டூ முடித்ததும் காக்களூர் எஸ்டேட்டில் வண்டிகளுக்கு ரப்பர் வளையம் செய்கிற ஒரு சின்னக் கம்பெனியில் வேலை. வளையத்தில் பிசிறு இருக்கிறதா, வெடிப்பு இருக்கிறதா என்று விளக்கடியில் வைத்துப் பார்த்து ஒதுக்க வேண்டும். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுப் பார்ப்பாள். அவள் பார்த்த பெட்டியை இன்னொரு தடவை பார்க்கத் தேவையில்லை என்று சூப்பர்வைசர் சுப்பிரமணியே சொல்லியிருக்கிறார். ராபினைக் கட்டிக்கொண்டாள். அவன் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு குடோனில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன். கம்பெனி பஸ்ஸில் போய் வருவான். ஒரு பெண் குழந்தை. மாமியார் கூடவே இருந்தாள். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

முதலில் போனது விரல்கள். காலையில் எழுந்தால் விரல் மடங்காது. மகளின் யூனிஃபார்ம் பட்டனைப் போட முடியாமல், "நீயே போட்டுக்கடி, பெரிய பொண்ணாயிட்டல்ல" என்று சமாளித்தாள். அப்புறம் சாயங்காலமானால் காய்ச்சல். அப்புறம் வாய்க்குள்ளே புண். தலைமுடி கொத்துக் கொத்தாகச் சீப்போடு வந்தது. அவளுக்கா, சாம்பாரில் ஒரு முடி கிடந்தால் சட்டியோடு கொட்டுகிறவளுக்கா இந்தச் சோதனை! எஸ்டேட் வாசலிலிருந்து கம்பெனி வரை வெயிலில் நடந்தால் மூக்கின் மேலேயும் இரண்டு கன்னத்திலும் சிவப்பாகத் தடிப்புக் கிளம்பும். அதன் மேலே பவுடரை அப்பிக்கொண்டாள். யாரும் பார்த்துவிடக் கூடாதே!

பஸ் ஸ்டாண்டுப் பக்கம் டாக்டர் அருணாச்சலத்திடம் போனாள். எஸ்டேட் ஆட்கள் பாதிப் பேர் அவரிடம்தான் போவார்கள். மனுஷனைக் குறை சொல்ல முடியாது, கேட்டவுடனே பிடித்துவிட்டார். "இது லூப்பஸா இருக்கலாம்மா. உடம்பைக் காப்பாத்த வேண்டிய சக்தி, உடம்பையே அடிக்க ஆரம்பிக்கிற வியாதி. ஏ.என்.ஏ.ன்னு ஒரு ரத்த டெஸ்ட் எழுதறேன். யூரினும் குடுத்துரு. பாத்துருவோம்" என்றார். லூப்பஸ் என்று அவள் காதில் விழுந்தது அன்றைக்குத்தான். பேரைக் கேட்டதும் பயம் வந்தது, கூடவே ஒரு ஆறுதலும் வந்தது. பேர் இருந்தால் மருந்தும் இருக்குமல்லவா.

ஸ்டேஷன் பக்கத்துச் சந்தில் ஒரு லேப். அங்கே ரத்தம் எடுக்கிறவன் மோகன்ராஜ். அவன் வாயைப் பற்றி என்னத்தைச் சொல்ல, கழுவாத வாய். காலையில் பத்துப் பதினைந்து பேர் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்கள். கிறிஸ்டினா கைக்குட்டையில் சுற்றி எடுத்து வந்த சின்ன டப்பாவை மேஜையில் வைத்தாள். அவன் அதை எடுத்து, ட்யூப்லைட்டுக்கு நேரே தூக்கிப் பிடித்து, ஒரு ஆட்டு ஆட்டினான். மேலே நுரை விரலளவுக்கு எழும்பியது. அடங்கவேயில்லை.

"இன்னாம்மா இது, பீர் பாட்டில் கணக்கா நுரைக்குது?" என்றான், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி. "சோப்பு டப்பாவுல புடிச்சியா? கொஞ்சம் சுத்தபத்தமா இருக்க மாட்டீங்களா? எங்கேர்ந்துதான் வருவாங்களோ! இத்த எவன் கையால தொடுவான்? போயி வேற கொண்டா, போ."

சொல்லிவிட்டு அதை வாஷ்பேசினில் ஊற்றினான். பெஞ்சில் ஒரு ஆள் சிரித்தான். ஒரு பெண் முந்தானையை மூக்குக்குக் கொண்டுபோனாள். அவ்வளவுதான், கிறிஸ்டினாவுக்கு முப்பத்தொரு வயது போய் ஒன்பது வயது ஆகிவிட்டது. கூனிக் குறுகி வெளியே வந்து, ஸ்டேஷன் சுவரோரம் நின்று வாந்தி எடுத்தாள்.

த்தூ! சொல்லும்போதே பற்றிக்கொண்டு வருகிறது. அந்த நுரை என்ன தெரியுமா? கிட்னி ஓட்டையாகி, உடம்பில் தங்க வேண்டிய புரதம் மூத்திரத்தில் ஒழுகினால் வருகிற நுரை. வியாதி தானே நடந்து வந்து அவன் கையில் ஏறி உட்கார்ந்திருக்கிறது. ஒரு காகிதப் பட்டையை அதில் முக்கியிருந்தால் நிறம் மாறிக் காட்டியிருக்கும். அதற்குத்தான் அந்த எருமைக்குச் சம்பளம். அவனோ வியாதியைப் பேசினில் ஊற்றிக் குழாயைத் திறந்துவிட்டான்.

மறுநாள் கிறிஸ்டினா செய்த காரியம் அதைவிடக் கொடுமை. டப்பாவில் நாலு சொட்டுத் தன்னுடையது, மீதி முழுக்கக் குழாய்த் தண்ணீர். ஆட்டிப் பார்த்தாள். நுரை இல்லை. பளிங்கு மாதிரி இருந்தது. மோகன்ராஜ் அதை வாங்கி வைத்துவிட்டு ரத்தமும் எடுத்தான். சாயங்காலம் ரிப்போர்ட்: ஏ.என்.ஏ. நெகட்டிவ். யூரினில் புரதம் இல்லை. அடிப் பாவிப் பெண்ணே, அதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டாயே நீ! சந்தோஷம்தான் பட்டாள். தன்னிடமிருந்து போனது ஒன்று சுத்தமாக இருக்கிறது என்று யாரோ எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறார்களே.

"அப்ப லூப்பஸ் இல்லம்மா" என்றார் டாக்டர் அருணாச்சலம். "ஒண்ணும் இல்ல. சத்தா சாப்பிடு." அவரும் நிம்மதியாகப் பேனாவை மூடினார். கண்ணெதிரே பெண் வீங்கின விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், காகிதத்தில் நெகட்டிவ் என்று போட்டிருக்கிறது; மனுஷன் காகிதத்தை நம்பினார். லூப்பஸ்காரர்களில் நூற்றுக்கு ஒருவர் இருவருக்கு அந்த டெஸ்ட் நெகட்டிவாகவே வரும் என்பது அவருக்குத் தெரியாதா, இல்லை அன்றைக்கு அது நினைவுக்கு வரவில்லையா, யார் கண்டது.

அதற்கப்புறம் ஒன்றேகால் வருஷம். நினைத்தாலே குமட்டுகிற ஒன்றேகால் வருஷம். ரிப்போர்ட் நார்மல் என்ற ஒரு வார்த்தை கிறிஸ்டினாவுக்கு முன்னாலேயே எல்லா இடத்துக்கும் போய் உட்கார்ந்துகொண்டது. கம்பெனியில் விரல் மடங்காமல் பிசிறு வளையங்கள் நல்ல பெட்டிக்குள் போயின. "ரிப்போர்ட்ல ஒண்ணும் இல்லன்றாங்க, அப்புறம் இன்னா லீவு, இன்னா கைவலி? டிராமாவெல்லாம் ஊட்ல வெச்சுக்க" என்றார் சுப்பிரமணி. அவள் பார்த்த பெட்டியைப் பார்க்கவே வேண்டாம் என்று சொன்ன அதே வாய்! மூன்றாவது தடவை மயங்கி விழுந்ததும் நாளையிலிருந்து வர வேண்டாம் என்று காண்ட்ராக்டர் மூலம் சொல்லி அனுப்பினார்கள். நேரில் சொல்லக்கூட எவனுக்கும் துப்பில்லை.

வீட்டில் மாமியார். வாய்ப்புண்ணையும் முகத் தடிப்பையும் பார்த்து அவளுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. "டாக்டருங்களுக்கே தெரியலன்னா அது ஏதோ ஒட்டற வியாதிதான். கொழந்த கீற ஊடு" என்று சொல்லி, ஒருநாள் காலை காப்பியை ஓரம் நசுங்கின எவர்சில்வர் டம்ளரில் ஊற்றி நீட்டினாள். "இனிமே இது உனுக்கு. தனியாவே வெச்சுக்க." தனி டம்ளர்! மோசஸ் எந்த நாற்றத்துக்குத் தப்பித்து ஊரைவிட்டு வந்தாரோ, அது மகளைத் தேடி அடுப்படிக்கே வந்துவிட்டது, அதுவும் தங்கள் ஜனத்தின் கையாலேயே. கிறிஸ்டினா அந்தக் காப்பியைக் குடித்தாள். குடித்துவிட்டுக் கழுவிக் கவிழ்த்தும் வைத்தாள். அதை நினைத்துத் தன் மேலேயே அவளுக்குப் பட்ட அருவருப்பு இருக்கிறதே, அது மாமியார் மேல் பட்டதைவிடப் பெரிது.

ராபின் மட்டும்தான் ஆள். "யாரு இன்னா சொன்னா இன்னா கிறிஸ்டி, நான் நம்பறேன்" என்பான். லீவு போட்டு, ஃபைலைத் தூக்கிக்கொண்டு, எலக்ட்ரிக் ட்ரெயினில் சென்னைக்குக் கூட்டிப்போனான். அங்கே ஒரு ஆஸ்பத்திரியில் மறுபடி ஏ.என்.ஏ., மறுபடி நெகட்டிவ். மறுபடி டப்பா, மறுபடி குழாய்த் தண்ணீர். அங்கிருந்த டாக்டர் முகத்தைக்கூட நிமிர்ந்து பார்க்காமல், "ஸ்ட்ரெஸ்" என்றார். எழுதிக் கொடுத்த மாத்திரையில் இரண்டு மாதம் தூங்கி வழிந்தாள். உள்ளே கிட்னி இரண்டும் கொஞ்சம் கொஞ்சமாகப் பாழாகிக்கொண்டிருந்தன. அது தெரிந்த ஒரே சாட்சியை இவள் கக்கூஸிலேயே தண்ணீர் ஊற்றி மறைத்துக்கொண்டிருந்தாள்.

கார்த்திகை மாதம் கால் வீங்கியது. செருப்பு நுழையவில்லை. காலையில் எழுந்தால் கண் திறக்க முடியாமல் முகம் உப்பிக் கிடந்தது. ராபின் பயந்துபோனான். யாரோ சொல்லி, சென்னையில் வேறொரு ஆஸ்பத்திரியில் டாக்டர் கல்பனா என்கிற மூட்டு வியாதி டாக்டரிடம் கூட்டிப்போனான். கிறிஸ்டினா எப்போதும் போல இரண்டு பூச்சுப் பவுடர் அடித்து, இஸ்திரி போட்ட சேலையில்தான் போனாள்.

டாக்டர் கல்பனா முதலில் ஃபைலைத் தொடவேயில்லை. "ஆஸ்பத்திரிக்கா வந்திருக்கீங்க, கல்யாணத்துக்கா? போய் முகத்தைக் கழுவிட்டு வாங்க" என்றார். கழுவிக்கொண்டு வந்ததும் கிட்டே உட்கார வைத்துக் கன்னத்தைப் பார்த்தார், வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார், காலைக் கட்டைவிரலால் அழுத்தினார். குழி விழுந்தது, நிரம்பவில்லை. அதற்கப்புறம்தான் ஃபைலைப் புரட்டினார். முகம் சுருங்கியது.

"காலு இப்படி வீங்கியிருக்கு. யூரின்ல ஒண்ணுமே இல்லன்னு ரெண்டு இடத்துலயும் எழுதியிருக்காங்க. எப்படி? ஒத்தே போகலையே." நிமிர்ந்து கேட்டார்: "ஏம்மா, யூரின் போனா நுரை நிக்குதா?"

சொல்லேன்டி! ஒரு வார்த்தைதானே, சொல்லித் தொலையேன்! ராபின் பக்கத்தில் நிற்கிறான், ஒரு நர்ஸ் நிற்கிறாள், கதவோரம் நாலு பேர் எட்டிப் பார்க்கிறார்கள். கிறிஸ்டினாவுக்கு மோகன்ராஜ் டப்பாவைத் தூக்கிப் பிடித்த கைதான் தெரிந்தது. "இல்ல மேடம்" என்றாள்.

டாக்டர் ஃபைலை மூடினார். அப்புறம் ஒரு டப்பாவைக் கொடுத்து, "இப்பவே பிடிச்சுட்டு வாங்க. நான் இங்கயே பாக்கறேன்" என்றார்.

அந்தக் கக்கூஸைப் பற்றி எழுதி இதைப் படிக்கிறவர்கள் சோற்றைக் கெடுக்க வேண்டாம். மூக்கைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனாள். டப்பாவில் பிடித்ததும் நுரை பொங்கிக்கொண்டு நின்றது. பாதிக்கு மேல் கவிழ்த்துக் கொட்டிவிட்டு, வெளியே கை கழுவுகிற குழாயைத் திறந்து டப்பாவை நீட்டினாள். பின்னால் விளக்குமாறு சுவரில் மோதுகிற சத்தம் கேட்டது.

"ஏம்மே, இன்னா பண்ணிக்கினு கீற?"

கூட்டிக் கழுவுகிற குப்பம்மாள். இவள் வயதுதான் இருக்கும். காண்ட்ராக்ட் யூனிஃபார்ம், கையில் முழங்கை வரை ரப்பர் உறை. கிறிஸ்டினா டப்பாவை முதுகுக்குப் பின்னால் மறைத்தாள்.

"நீங்க உங்க வேலையப் பாருங்க."

"என் வேலையே இதாம்மே. டாக்டரம்மா டெஸ்ட்டுக்குக் கேட்டா பைப்புத் தண்ணியப் புடிச்சுக் குடுக்கற? யார ஏமாத்தற, டாக்டரையா, உன்னியா?"

"நுரை வருதுக்கா" என்றாள் கிறிஸ்டினா. "பாக்கவே அசிங்கமா கீது. எல்லார் எதுருலயும் தூக்கிக் காட்டறாங்க."

குப்பம்மாளுக்கு வந்ததே கோபம்! "இன்னா பெரிய அசிங்கத்தக் கண்டுட்ட? கால ஆறு மணிலேர்ந்து கண்டவன் பீயையும் வாந்தியையும் இந்தக் கையால அள்ளிக்கினு கீறேன். எனக்கு இல்லாத அசிங்கம் உனக்கு வந்துருச்சா? உன் உடம்புலேர்ந்து வர்றதுதானே, அதுக்கு இன்னாத்துக்கு மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கினு நிக்கற? நுரை வந்தா நுரையோட குடு! வியாதிக்குத்தானே வந்த, அழகுப் போட்டிக்கா வந்த?" டப்பாவைப் பிடுங்கிக் கொட்டினாள். வேறொன்று வாங்கி வந்து கையில் திணித்தாள். "தண்ணி குடிச்சிட்டுக் குந்து. எத்தினி நேரமானாலும் நான் கதவாண்டயே நிக்கறேன். பைப்பு சத்தம் கேட்டுச்சுன்னா உள்ள வந்துருவேன், ஆமா."

நின்றாள். முக்கால் மணி நேரம் கழித்து டப்பாவை அவளே வாங்கிக்கொண்டு போய் டாக்டர் மேஜையில் டொக்கென்று வைத்தாள். "மேடம், இந்தப் பொண்ணு இத்தினி நாளா தண்ணி கலந்து குடுத்துக்கினு இருந்துக்குது. கேளுங்க" என்று போட்டுடைத்துவிட்டு விளக்குமாற்றைத் தேடிப் போய்விட்டாள்.

டாக்டர் திட்டவில்லை. காகிதப் பட்டையை முக்கினார். மஞ்சளாக இருந்தது கரும்பச்சையாக மாறியது. "யாரும்மா உனக்கு இப்படிச் செய்யச் சொன்னது?" என்று கேட்டார். கிறிஸ்டினா லேப் கதையைச் சொன்னாள். கேட்கக் கேட்க டாக்டர் கையிலிருந்த பேனா மேஜையில் தட்டிக்கொண்டே இருந்தது. "அவன் அந்த வேலைக்கே லாயக்கில்ல" என்றார் கடைசியில், பல்லைக் கடித்துக்கொண்டு. "நீயும் தப்புப் பண்ணியிருக்க. ஒரு தடவை என்கிட்ட இல்லன்னு சொன்னியே, அதை நான் நம்பியிருந்தா?"

அன்றே அட்மிட் செய்தார்கள். மூன்றாவது தடவையாக ஏ.என்.ஏ. எடுத்தார்கள். அதுவும் நெகட்டிவ்! ரவுண்ட்ஸில் ஒரு சின்ன டாக்டர், "ஆன்டிபாடி ஒண்ணுமே இல்ல மேடம், லூப்பஸ்னு எப்படிப் போடறது?" என்று கேட்டான். கிறிஸ்டினா போர்வையை முகம்வரை இழுத்துக்கொண்டாள். மறுபடியும் மணவாள நகர், மறுபடியும் அந்த நசுங்கின டம்ளர். டாக்டர் கல்பனா அவனைத் திரும்பிப் பார்த்தார். "முகத்துல தடிப்பு, வாயில புண்ணு, மூட்டு வீக்கம், முடி கொட்டுது, வெள்ளை அணு கம்மி, ரத்தத்துல காம்ப்ளிமென்ட் புரதம் தரையில கிடக்குது, கிட்னி ஒழுகுது. இத்தனை பேர் சாட்சி சொல்றாங்க, ஒருத்தர் வரலைன்னு கேஸைத் தள்ளுபடி பண்ணுவியா? ரத்தம் சொல்லலன்னா கிட்னியையே கேப்போம்" என்றார்.

குப்புறப் படுக்க வைத்து, முதுகு வழியாக ஊசி விட்டு, கிட்னியிலிருந்து நூலளவு சதை எடுத்தார்கள். அப்புறம் மல்லாந்து, அசையாமல் கிடக்க வேண்டும். மூத்திரத்தில் லேசாக ரத்தம் வந்ததால் மறுநாளும் எழுந்திருக்கக் கூடாது என்றார்கள். படுத்த படுக்கையில்தான் எல்லாம். மூத்திரம் பிடிக்கிற பெட்பேனை வைத்து எடுக்கும்போதெல்லாம் கூட இருக்கிறவர்கள் நிறத்தைப் பார்த்து சிஸ்டரிடம் சொல்ல வேண்டும். இதில் வேறு யாரையும் கூப்பிட அவளுக்கு வாய் வரவில்லை. மாமியார் குழந்தையைப் பார்க்க வேண்டும் என்று வராமலே இருந்துகொண்டாள். பகலில் பார்வையாளர் நேரத்தில் ராபின் வந்து, திரையை இழுத்துவிட்டுச் செய்தான். பேனை எடுக்கும்போது கண்ணைச் சுருக்கிக்கொண்டு முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொள்வான். சிஸ்டர் கேட்டால், "நல்லாதான் கீது சிஸ்டர்" என்பான், பார்க்காமலே. கிறிஸ்டினா அதைக் கவனித்தாள். ஆம்பளை, இந்த அளவுக்குச் செய்கிறதே பெரிசு என்று விட்டுவிட்டாள்.

மறுநாள் சாயங்காலம் நாலு மணிக்கு டாக்டர் கல்பனா நேரே கட்டிலுக்கு வந்தார். "சதை எடுத்தோமே, அதோட முதல் ரிப்போர்ட் வந்துருச்சும்மா. உன் கிட்னியில லூப்பஸ் அப்பட்டமா உக்காந்திருக்கு. லூப்பஸ்னா அந்தச் சதையில எதெல்லாம் ஒட்டியிருக்கணுமோ அத்தனையும் ஒட்டியிருக்கு. சந்தேகமே இல்ல. கொஞ்சம் இடம் தழும்பாயிருச்சு, அது இனிமே திரும்பாது. மீதியை மருந்து குடுத்துக் காப்பாத்தலாம். ஆனா ஆயுசுக்கும் மாத்திரை, ஆயுசுக்கும் டெஸ்ட்."

கிறிஸ்டினா சிரித்துவிட்டாள். வாய்விட்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். டாக்டரே திகைத்துப்போனார். ஆயுசுக்கும் விடாத வியாதி, தழும்பு விழுந்த கிட்னி, இதைக் கேட்டு ஒருத்தி சிரிக்கிறாள் என்றால் அவளை எந்த நிலைமைக்குக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்கள் பாருங்கள். நடிப்பு இல்லை, ஸ்ட்ரெஸ் இல்லை, டிராமா இல்லை. அதற்கு ஒரு பேர் இருக்கிறது. இனிமேல் ஊரில் எந்த வாயும் திறக்க முடியாது.

ராபின் டாக்டரைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டான். மூக்கை உறிஞ்சிக்கொண்டு அழுதான். "உங்களுக்குக் கோயில் கட்டணும் மேடம். எங்க அம்மா சொல்லிச் சொல்லி, எனக்கே தெரியல மேடம்... நான்கூட இவ நடிக்கறான்னுதான் மேடம் நெனச்சுக்கினு இருந்தேன். வேலைக்குப் போவ ஒடம்பு வணங்காம பண்றான்னு..."

டாக்டர் அடுத்த கட்டிலுக்குப் போனார்.

கிறிஸ்டினாவுக்குச் சிரிப்பு நின்றுபோனது. எழுந்து உட்காரவும் முடியாது, திரும்பிப் படுக்கவும் முடியாது. கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். மோகன்ராஜ் மேலேயும் சுப்பிரமணி மேலேயும் மாமியார் மேலேயும் பட்ட அருவருப்பெல்லாம் ஒன்றுமில்லை என்று தோன்றியது. ஃபைலைத் தூக்கிக்கொண்டு ஒன்றேகால் வருஷம் கூடவே வந்த இந்தக் கை, நான் நம்பறேன் கிறிஸ்டி என்ற இந்த வாய்! கக்கூஸ் நாற்றத்தையாவது மூக்கைப் பிடித்துக்கொண்டு தாண்டிவிடலாம். இது ஒரே கட்டிலில் படுத்திருந்த நாற்றம்.

"யோவ்" என்றாள்.

"இன்னா கிறிஸ்டி?"

"பேன் எடு."

திரையை இழுத்துவிட்டு வைத்தான். முடிந்ததும் எடுத்தான். எப்போதும் போல முகம் ஜன்னலுக்குப் போனது.

"மூஞ்சியத் திருப்பாத. உள்ள பாரு."

"பாத்தாச்சு, பாத்தாச்சு. நல்லாதான்..."

"நீ பாக்கல. எப்பவுமே பாக்கல. குனிஞ்சு பாருய்யா!"

அவள் இப்படிக் கத்தி அவன் கேட்டதில்லை. திரைக்கு அந்தப் பக்கம் பேச்சு நின்றது. ராபின் குனிந்தான். அவள் விடவில்லை.

"இன்னா கீது, சொல்லு."

"லேசா செவப்பா கீது."

"அப்புறம்?"

"நுரை" என்றான், வாய்க்குள்ளேயே.

"காதுல உழல. இத்தினி பேர் எதுருல சத்தமா நடிக்கறான்னு சொன்னல்ல, அதே சத்தத்துல சொல்லு."

"நுரை கீது" என்றான் ராபின். வார்டு முழுக்கக் கேட்டது.

"இன்னொரு தபா சொல்லு" என்றாள் கிறிஸ்டினா.